காசிமேட்டில் பனி

காசிமேட்டில் பனி பெய்யாது.
லாரியில் வரும்.
விடிகாலை மூன்றரைக்குப் பாறை பாறையாய் இறங்கி
மெஷினில் அரைபட்டு
கூடை கூடையாகச் சங்கரா மேல் விழும், வவ்வால் மேல் விழும்,
அள்ளிப் போடுகிற என் விரல் மேலும்.

பதினாலு வயசில் முதல் முறை.
நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி
பத்து நுனியும் கன்றிப்போனது.
எறா முள் குத்தியிருக்கும் என்றாள் அம்மா.
மஞ்சள் பத்து. வேப்பெண்ணெய்.
உடைந்தது, ஆறியது,
அடுத்த மார்கழியில் மறுபடி உடைந்தது.
பிறகு காதுமடல்.
‘யாராவது கிள்ளினாங்களா?’ என்று
கிளாஸ் டீச்சர் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

ஸ்டான்லியில், தோல் பிரிவில்,
படிக்கிற டாக்டர்கள் பன்னிரண்டு பேர்
ஏலத்தில் பெரிய வஞ்சிரத்தைச் சுற்றி நிற்பது போல
என் கையைச் சுற்றி நின்றார்கள்.
ஒருத்தரும் விலை சொல்லவில்லை.
‘குளிர் நாட்டு வியாதி மேடம், இங்கே எப்படி?’
பெரிய டாக்டரம்மா மட்டும்
விரலை மோந்து பார்க்காத குறையாகக் குனிந்து
‘ஐஸ்ல வேலையா?’ என்றார்.

விரலோரம் கொஞ்சம் சதை வெட்டி அனுப்பி
மூணு வாரம் கழித்துச் சொன்னார்: லூபஸ்.
‘அது எந்த பஸ்ஸும்மா?’ என்றாள் அம்மா.
எல்லோரும் சிரித்தோம்.
சிரித்து முடிந்த பிறகும்
அவள் பதிலுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

தொத்தாது. அபூர்வம். நாள்பட இருக்கும்.
கொசு கடிக்காத வியாதிக்கு
மலேரியா மாத்திரை.
ஐஸைத் தொடாதே, வெயிலில் நிற்காதே.
இந்த ரெண்டையும் கழித்தால்
மீன்பிடித் துறைமுகத்தில் என்ன மிச்சம்?

தார்ப்பாய்க்கு அடியில் கணக்கு எழுதுகிறேன்.
பர்மா பஜாரில் கம்பளிக் கையுறை கேட்டபோது
‘ஊட்டிக்கா?’ என்றான் கடைக்காரன்.
‘ஆமாம், தினமும்’ என்றேன்.

ஒருத்தி சில்லறையை என் கையிலிருந்து வாங்காமல்
பலகையில் வைக்கச் சொன்னாள்.
அம்மா ஒன்றும் பேசவில்லை.
அவள் பையிலிருந்த கொடுவாவை எடுத்து
ஐஸில் திரும்பப் போட்டாள்.
‘இந்த மீனு உனக்கு ஒட்டாது, போ.’

சித்திரை முடிந்தது. கத்திரி.
ஊரே வெந்துகொண்டிருக்க
என் நுனிகள் மெல்லத் தோல் கட்டுகின்றன.
மூணு மாசமாக ‘ரேகை விழல, மறுபடி வை’ என்றே சொன்ன
ரேஷன் கடை மெஷின்
நேற்று என்னை ஒத்துக்கொண்டது,
இடது கை மோதிர விரலை மட்டும்.

பிரிஸ்கா, பச்சரிசி அஞ்சு கிலோ, பருப்பு ஒரு கிலோ.
பையைத் தோளில் மாட்டிக்கொண்டு
நிழல் இருக்கிற பக்கமாகவே நடந்தேன்.
மார்கழிக்கு இன்னும் ஏழு மாசம்.