பெராமா துறையில் பதினேழாம் அத்தியாயம்

எவந்தியாவின் மடிக்கணினியில்
காரோனுக்கு வயது இருபத்து மூன்று.
கறுப்புத் தோல்சட்டை, கழுத்தோரம் பச்சை குத்திய துடுப்பு,
கன்னத்தில் ஒரு வெட்டு. அது எப்படி வந்ததென்று
நான்காம் பாகத்தில்தான் சொல்வார்களாம்.
ஏதோ ஒரு குளிர்நாட்டில் எழுதிய நாவல்.
அவள் கைவழியே கிரேக்கத்துக்கு வருகிறது,
புறப்பட்ட வீட்டுக்கே விருந்தாளியாக.

கதையில் அவன் படகுக்கு மோட்டார் உண்டு.
மூன்றுதலை நாய்க்கு மூன்று கழுத்துப்பட்டை,
நடுத்தலைக்கு மட்டும் மணி.
இறந்தவர்கள் கைப்பேசியை நீட்டினால் போதும்.
நாவின் அடியில் காசு வைப்பதெல்லாம்
சுகாதாரம் இல்லையென்று நிறுத்திவிட்டான்.
நாயகிக்கு அவன்மேல் காதல்.
அவளுக்கு நாடி துடிக்கிறது,
அதனால் அவனுக்கும்.

சிக்கல் பெயரில்.
காரோன் என்று எழுதினால் பள்ளிக்கூடப் பாடம்.
காரோஸ் என்று எழுதினால்
போன குளிர்காலம் மூன்றாம் மாடிக்காரரைக் கொண்டுபோனவன்.
'காரோஸ் அவளை முத்தமிட்டான்' என்று தட்டிப் பார்த்தாள்.
அம்மா காதில் விழுந்திருந்தால்
தன் மார்புக்குள் மூன்றுமுறை துப்பியிருப்பாள்.
அழித்தாள்.
மறுபடி தட்டினாள்.

தம்பி ஸ்த்ராதிஸ்
பெராமாவுக்கும் சலமீனாவுக்கும் இடையே
இரவுப் படகில் சீட்டுக் கிழிக்கிறவன்.
கால்மணி நேரக் கடல்.
லாரி, தர்ப்பூசணி வண்டி, மணப்பெண் கார், சவ வண்டி,
ஒவ்வொன்றுக்கும் பலகையில் கட்டணம் உண்டு.

வெள்ளிக்கிழமை மேல்தளத்தில் அவனுக்குப்
பதினேழாம் அத்தியாயத்தைப் படித்துக் காட்டினாள்.
சூரியகாந்தி விதை கொறித்தபடி
முத்தம் வரை பேசாமல் கேட்டான். பிறகு,
"திரும்பி வரும்போது இவன் என்ன செய்வான்?"
"எங்கிருந்து?"
"அக்கரையிலிருந்துதான். போகும்போது கூட்டம், சரி.
வரும்போது காலிப் படகுதானே, ஒவ்வொரு தடவையும்?
எனக்குக் கடைசி நடை அப்படித்தான்.
எஞ்சின் சத்தமே வேறு மாதிரி கேட்கும்."

பக்கங்களைத் தள்ளித் தேடினாள்.
நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில்
அவன் ஒருமுறைகூடத் திரும்பி வரவில்லை.
அத்தியாயம் முடியும்,
அடுத்ததில் இக்கரையில் நிற்பான்,
தலைமுடி கலையாமல்.

கீழே ஸ்கூட்டரோடு ஒருவர்
சட்டைப்பையைத் துழாவிக்கொண்டே நின்றார்.
கைப்பிடியில் மருத்துவமனைப் பை,
அதற்குள் ஒரு ஜோடிச் செருப்பு, பெண்கள் அளவு.
ஸ்த்ராதிஸ் இறங்கிப்போய்
ஒன்றும் கேட்காமல் சீட்டைக் கிழித்துக் கொடுத்தான்.
சில்லறை அவன் பையிலிருந்தே பெட்டிக்குள் விழுந்தது.
மேலே வந்து,
"ம், படி" என்றான்.

அன்றிரவு அவள் சேர்த்தது ஒரே வரி:
'திரும்பும்போது காரோஸ் விளக்கை அணைத்துவிடுவான்,
காலி இருக்கைகளைப் பார்க்க வேண்டாமே என்று.'

பதிப்பகத்திலிருந்து மிர்ஸினி
சிவப்பு மையில் கேட்டிருக்கிறாள்:
இது மூலத்தில் எந்தப் பக்கம்?
பெயரின் கடைசி எழுத்து எங்கே போயிற்று?

விசைக்குள் சூரியகாந்தித் தோல் சிக்கிக்கொண்டது
என்று பெயருக்கு மட்டும் பதில் போட்டாள்.
அது உண்மையும்கூட.
வரிக்கு இன்னும் எழுதவில்லை.
திங்கட்கிழமை வரை தவணை.
துறையில் சங்கு ஊதுகிறது, ஒன்றேகால் மணிப் படகு.