பாலத்துக்கு உடுத்துவது

மணி மூன்று. விளக்குப் போடக் கூடாது.
அக்ஸிலியாவுக்கு இன்று அரையாண்டுக் கணக்குப் பரீட்சை.
எந்த ஆணியில் எது என்று
இருட்டில் கைக்குத் தெரியும்.

தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகிவிட்டது.
அக்குளில் கொஞ்ச நேரம் இடுக்கி வைத்திருந்து
முட்டிக்கும் காது மடலுக்கும் தேய்க்கிறேன்.

முதலில் பனியன்.
அதன்மேல் நேற்றைய பேப்பர்:
சினிமாப் பக்கம் நெஞ்சுக்கு,
வரி விளம்பரம் முதுகுக்கு.
கூட மாவு பிசைகிற கபிரியேல் செய்கிற வேலை இது.
கம்பளியை விடக் காகிதம் மேல்,
காற்றுக்குப் படிக்கத் தெரியாது என்பான்.
அப்புறம் சட்டை. சட்டைமேல்
பிலோமினாவின் ஸ்வெட்டர்.
பொத்தான் எல்லாம் எதிர்ப்பக்கம்,
விரல்கள் தினமும் ஒருமுறை ஏமாறும்.

குரங்குக் குல்லாய், ஞாயிற்றுச் சந்தையில்
அடித்துப் பேசி எண்பது ரூபாய்.
பேண்ட் நுனியைச் சங்கிலி கடிக்காமல் இருக்க
துணிக்கொடியிலிருந்து ஒரு கிளிப்.
கையுறை கிடையாது.
அக்ஸிலியாவின் ஸ்கூல் சாக்ஸ்தான் இரண்டு கைக்கும்.
இன்னொரு ஜோடி கொடியில், நேற்று முதல் ஈரமாக.
எட்டு மணிக்குள் திரும்பியாக வேண்டும்.

வாசலில் சைக்கிள் நனைந்து நிற்கிறது
மழையே பெய்யாமல்.
சீட்டைத் துடைத்து, டயரைக் கிள்ளிப் பார்த்து,
பிரேக் கட்டையை ஊதுகிறேன். ஏன் ஊதுகிறேன், தெரியாது.

முதலாளியின் மச்சினர் பாரீசிலிருந்து வந்திருக்கிறார்.
என் குல்லாயைப் பார்த்துச் சிரித்தார், அரைக்கைச் சட்டையில்.
செல்லில் காட்டினார்: இருபத்தொன்று.
நின்று பார்த்தால் இருபத்தொன்றுதான் முசியே.
மிதிக்கிறவன் தனக்கு வேண்டிய காற்றைத்
தானே தயாரித்துக்கொள்கிறான்.

டைனமோ டயரைத் தொட்டதும் கால் கனக்கிறது.
வெளிச்சம் மூடுபனியில் நாலு முழம் போய்
சலித்த மைதா மாதிரி நின்றுவிடுகிறது.
கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள்
வீடுகள் இல்லாமல் தொங்குகின்றன.

மெயின் ரோட்டில் உடம்பு சூடேறும்.
குல்லாய்க்குள் நமைக்கும்.
ஸ்வெட்டர் போதும் போதும் என்னும்.
கழற்ற மாட்டேன்.
அரியாங்குப்பம் பாலம் இருக்கிறது.

நடுப்பாலத்தில்
ஆறு கீழிருந்து கையை விட்டுத் தேடும்
சோதனை போடுகிற போலீஸ் மாதிரி,
கிளிப்புக்கு மேலே, பேப்பருக்குக் கீழே.
அதற்குத் தெரியாத பை இல்லை.

எதிரே ஒருவர், கேரியரில் மீன்கூடை,
லுங்கி, தலையில் துண்டு, மேலுக்கு ஒன்றுமில்லை.
"இன்னா, நிலாவுக்கா கெளம்பிட்ட?"
சாக்ஸ் கையைத் தூக்கிக் காட்டினேன்.
பனிக்குள்ளிருந்து சிரிப்பு மட்டும் கொஞ்ச தூரம் வந்தது.

முத்தியால்பேட்டையில் கதவைத் திறந்தால் சித்திரை.
ஒவ்வொன்றாய் உரித்து மாட்டுகிறேன்.
பேப்பர் மட்டும் வியர்வையில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது.
பிய்த்தால்
ஒரு கதாநாயகியின் பாதிச் சிரிப்பு
பனியனில், இடம் வலம் மாறி.
மாவைத் தட்டிக்கொண்டே கபிரியேல்
அது யாரென்று கண்டுபிடிக்கப் பார்க்கிறான்.

சாக்ஸை அடுப்பு விளிம்பில் விரித்து வைக்கிறேன்,
கருகாத தூரத்தில்.
முதல் தட்டு ரொட்டி வெளியே வரும்போது அதைத் திருப்பிப் போடவேண்டும்.

போகும்போது வெறுங்கைதான்.
பாலம் என்ன வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.
சாக்ஸ் சட்டைக்குள் இருக்கும்,
சினிமாப் பக்கம் இருந்த இடத்தில்.