பாலத்துக்கு அடியில் போன தண்ணீர்

வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்து.
அதற்கு மேல் போனால் பெட்டி சிவக்கும்.
கொரடாச்சேரியில், மாடி அறையில்,
யார் யாரோ பேசுகிற பேச்சுக்கு
அடியில் தமிழ் போடுவது என் பிழைப்பு.

காலை உடைத்துக்கொள் என்பாள் ஒருத்தி,
மேடை ஏறப் போகும் தோழியிடம்.
நல்லா பண்ணுடி என்று போட வேண்டும்.
முதல் மாதம் அப்படியே போட்டுவிட்டேன்.
சென்னையிலிருந்து ஷெரின் மேடம்
சிரிக்கிற பொம்மை மூன்று அனுப்பி
ஆறு ரூபாய் பிடித்துக்கொண்டார்.

நாயும் பூனையுமாகப் பெய்தால், கொட்டுது.
பையிலிருந்து பூனை குதித்தால், குட்டு உடைஞ்சுது.
எத்தனை பூனைகள் அந்தச் சீமையில்!
வாளியை உதைத்தால் ஆள் காலி.
எங்கள் தெருவில் வாளியை உதைத்தால்
இன்றைக்கும் குழாய் வரவில்லை.

கேக் துண்டு என்று வந்த அன்று
தண்ணி பட்ட பாடு என்று போட்டேன்.
மேடம் கட்டைவிரல் காட்டினார்.
எனக்குத்தான் கை நின்றுவிட்டது.
மேட்டூரில் கிளம்பி
கல்லணையில் பங்கு பிரிந்து
ஆகாயத்தாமரைக்குள் மூச்சு முட்டி
தலைஞாயிறு வந்து சேர்வதற்குள்
தண்ணி படுகிற பாடு
அவ்வளவு லேசா?

அங்கே எனக்கு ஒன்றே முக்கால் ஏக்கர்.
மேல்மடை அண்ணனுக்கு.
நாலு வருஷம் முன்னால்
சம்பா தொண்டைக்கதிரில் நிற்கும்போது,
முறை என்னுடையதாக இருக்கும்போது,
ராத்திரியோடு ராத்திரியாக
மதகுப் பலகையை இறக்கினான் கலியமூர்த்தி.
எனக்குத் தண்ணி காட்டிவிட்டான்.
இதை எந்த மொழியில் அப்படியே போட்டாலும்
நல்லவன் ஆகிவிடுவான்.

அன்றோடு அவனைத் தண்ணி தெளித்து விட்டேன்.
அதையும் அப்படியே போட்டால்
ஏதோ விசேஷ வீடு.

நீரடிச்சு நீர் விலகுமா என்றாள்
அண்ணி விசாலாட்சி, போனில்.
வாங்க அண்ணி,
வெண்ணாற்று ஷட்டர்கிட்ட வந்து நில்லுங்க.
எத்தனையாய் விலகுதுன்னு எண்ணிச் சொல்லுங்க.

நேற்று ராத்திரி ஒன்றே கால்.
மதுக்கடையில் இரண்டு கிழவர்கள். வெளியே பனி.
ஒருவன் மற்றவன் பண்ணையை
ஏமாற்றி எழுதி வாங்கியவன்.
ஏமாந்தவன் கிளாஸைத் தள்ளி வைத்துச் சொல்கிறான்:
அதெல்லாம் பாலத்துக்கு அடியில் போன தண்ணீர்.

போனது போகட்டும்.
எட்டே எழுத்து. தாராளமாக அடங்கும்.

அனுப்பவில்லை.
ஜன்னலைத் திறந்தேன்.
இங்கிருந்து பாலம் தெரியாது, இரைச்சல் வரும்.
இங்கே பாலத்துக்கு அடியில் போன தண்ணீரை
நாளை மறுநாள் விடிகாலையில்
காய்ந்த வாய்க்காலுக்குள் டார்ச் அடித்து
எவளோ ஒருத்தி தேடுவாள்.
தேடியிருக்கிறேன்,
தவளைச் சத்தம் வருகிறதா என்று
காதைத் தீட்டிக்கொண்டு.
போன தண்ணீர் என்பதெல்லாம்
மேல்மடைக்காரன் பேச்சு.

ஆனால் அந்தக் கிழவன்
ஏமாந்தவன் அல்லவா?
அவன் ஏன் அதைச் சொல்கிறான்?
மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன்.
முகத்தில் ஒன்றும் இல்லை.

மணி ஒன்றே முக்கால். கெடு இரண்டு.
வாய் பாதி திறந்தபடி
திரையில் உறைந்து நிற்கிறான்.
இன்னும் வந்து சேரல என்று அடித்தேன்.
அழித்தேன்.
போனது போகட்டும்.
அனுப்பினேன்.

பெட்டி சிவக்கவில்லை.