எதிரணிப் பக்கம்

நாயகத்தை மண்டாயில் எரித்த பதினோராம் நாள்
குவெக்கும் போனார்.
செய்தி சொன்ன இருதயராஜ்,
"இதிலாவது நம்மாள் முந்திக்கிட்டார்" என்றான்.
சிரித்தோம்.
பிறகு கைப்பேசியை யார் முதலில் வைப்பதென்று தெரியாமல்
ரெண்டு பேரும் சும்மா இருந்தோம்.

தோ பாயோ, லோரோங் எட்டு.
புளோக்குக்குக் கீழே வெள்ளைத் துணித் தடுப்பு,
நின்று சுழலும் மின்விசிறிகள்,
பிளாஸ்டிக் விரிப்பில் கடலைத் தோல்.
அந்தப் பக்க மேசைகளில் பச்சைக் கல்லூரிக்காரர்கள்.
தலை நரைத்தும் முகம் அதேதான்,
எண்பத்தேழில் எங்களைப் பார்த்த அதே முறைப்பு.
எங்கே உட்காருவது?
விளையாட்டரங்கம் என்றால் தெரியும்:
கடிகாரத்துக்குக் கீழே, இடதுபக்கம், நீலம்.
சாவு வீட்டில் எதிரணிக்கென்று
பெஞ்சு போடுவதில்லை.

நாங்கள் யாரும் அவர்களிடம் ஆடியவர்கள் இல்லை.
அந்தக் கல்லூரிகளின் வாசலைப்
படிப்பதற்காக மிதித்ததும் இல்லை.
தஞ்சோங் பகாரில் நான் கிரேன் ஓட்டினேன்.
நாள் முழுக்க உயரத்தில் உட்கார்ந்து
பெட்டிமேல் பெட்டியை இறக்கியவனுக்கு
வெள்ளிக்கிழமை சாயங்காலம்
உருண்டையாய் ஏதாவது ஒன்று
வளையத்துக்குள் விழுவதைப் பார்க்க வேண்டியிருந்தது.
அவ்வளவுதான்.
நுழைவும் இலவசம்.

நாயகம் எங்கள் ஆள்.
பின்தங்கினால் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டுவார்;
இருபது புள்ளி பின்தங்கிய ஒரு நாள்
நாலு தடவை கட்டினார்.
குவெக் தோளில் எப்போதும் குட் மார்னிங் துண்டு.
கடைசி இரண்டு நிமிடம் அதன் நுனியைக் கடிப்பார்.
"துண்டு தின்னி" என்று
துறைமுகத்தில் கற்ற ஹொக்கியனில்
பதினாறு வருஷம் கத்தினேன்.

மண்டாயிலும் பார்த்தேன் அவரை.
கடைசி வரிசை. தோளில் ஒன்றும் இல்லை.
யாரோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஊதுபத்தி கொடுத்தார்கள். வணங்கினேன்.
வந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டது.
அறுபத்தொன்று அறுபதா, அறுபத்திரண்டு அறுபதா?
நடுவர் ஊதியது சரியா?
பச்சைக்கார ஹமீது சுல்தான்
கடலைகளை ஐந்துக்கு ஐந்து நிறுத்தினார்;
இருதயராஜ் ஒரு கடலையை நகர்த்தினான்;
ஹமீது அதைத் திரும்ப வைத்தார்.
குரல் ஏறியது.
சவப்பெட்டிக்குப் பத்தடி தள்ளி
நாங்கள் கத்திக்கொண்டிருந்தோம்.

குவெக்கின் மகள் எழுந்து வந்தாள்.
மேசை அடங்கியது.
கோபம் இல்லை அவளுக்கு. என்னைத்தான் பார்த்தாள்.
"இந்தக் குரல் எனக்குத் தெரியும்.
'நாலாம் நம்பருக்கு மூச்சு வாங்குது,
கண் தெரியலையா துண்டு தின்னி!'
அது நீங்கள்தானே?
அப்பா வீட்டில் சொல்வார்.
பெஞ்சிலிருந்து பார்த்தால் அது தெரியாதாம்.
மேலே இருந்த ஒருத்தனுக்குத் தெரிந்ததாம்.
உடனே பையனை மாற்றினாராம்."

மாற்றி வந்தவன் பதின்மூன்றாம் நம்பர்,
கண்ணாடியைக் கயிற்றால் கட்டிய ஒல்லிப் பயல்.
நாலு விநாடி மிச்சம்.
இரண்டு இலவச எறிதல்.
முதலாவது வெளியே.
இரண்டாவதை நான் பார்க்கவில்லை.
நாயகம் குனிவதைப் பார்த்தேன்.

ஹமீது சுல்தான் ஒரு சாமந்தி டீ பொட்டலத்தில்
உறிஞ்சுகுழலைக் குத்தி
மரியாதையாய் என் முன்னால் வைத்தார்.

வெள்ளை உறையைப் பெட்டியில் போட்டேன்.
சிவப்பு நூலை விரலில் சுற்றிக்கொண்டேன்.
பிராடல் ஸ்டேஷன்வரை இருதயராஜ்
என்னோடு பேசவில்லை.
முப்பத்தெட்டு வருஷம் நடுவரைத் திட்டியவன்,
இனி யாரைத் திட்டுவான்?
நகரும் படியில் எனக்கு முன்னால் நின்றவன்
திரும்பாமல் சொன்னான்:
"அவனுக்கு மூச்சு வாங்கத்தான்டா செஞ்சுது.
நானும் பார்த்தேன்."