மஞ்சள் கோடு

டெக்சார்கானாவின் நடுத்தெருவில் ஒரு மஞ்சள் கோடு.
இந்தப்பக்கம் ஆர்கன்சா, அந்தப்பக்கம் டெக்சஸ்.
நாய் கடக்கிறது; அதற்கு அது பெயிண்ட்.

ஆறு வயது ஒடெல்
தங்கவைக்கப்பட்ட வீட்டு ஜன்னலில் நின்றால்
சித்தி வெர்லீனின் வாசல் விளக்கு தெரியும்.
படிவம் மட்டும்
லிட்டில் ராக் போய், ஆஸ்டின் போய்
பதினோரு வாரமாய் யார் மேசையிலோ கிடக்கிறது.

வந்தார்கள். படுக்கையறையை அளந்தார்கள்.
புகைமணியை அழுத்திப் பார்த்தார்கள்.
பத்து விரல் ரேகையும் எடுத்தார்கள்.
முட்டையில் மஞ்சள் கரு அவனுக்கு ஆகாதென்று
அவளுக்குத் தெரியும்;
அதை நிரப்ப ஒரு கட்டம் இல்லை.

நேற்றிரவு எட்டு மணிக்கு
அந்த விளக்கு இரண்டு முறை அணைந்து எரிந்தது.
இங்கே திரைச்சீலை இரண்டு முறை அசைந்தது.

காரில் உட்கார்ந்திருந்தேன், கோப்பு மடியில்.
அறிக்கையில் அதை எழுதவில்லை.