மீதி நாலு

முட்டென்ஸ் சரக்கு நிலையம், இரவு இரண்டேகால்.
மேட்டில் அவிழ்த்துவிட்ட பெட்டிகள்
எஞ்சின் இல்லாமல், தம் எடையிலேயே
இறங்கி வருகின்றன. கூப்பிட்டால் நிற்காது.
நின்ற பிறகு விளக்கடித்து
எண்ணை வாசிப்பது என் வேலை.

மூன்று ஒன்று, எட்டு ஐந்து,
மூன்று ஒன்பது மூன்று, நாலு,
நாலு ஒன்று இரண்டு,
சிறுகோடு,
மூன்று.

கோட்டுக்குப் பின் நிற்கும் மூன்று காவலாள்.
ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டித்து
இலக்கம் இலக்கமாகக் கூட்டினால் ஐம்பத்தேழு;
அறுபதுக்கு மூன்று குறை.
எவனாவது ஓர் இலக்கத்தைப் பிசகி எழுதினால்
இது காட்டிக்கொடுத்துவிடும்.
நிர்வாகத்துக்கு அவ்வளவு போதும்.

எனக்குப் போதாது. மும்மூன்றாய் நறுக்கினேன்:
318, 539, 344, 123.
ஒன்றைக் கூட்டி அடுத்ததைக் கழித்துக்கொண்டே போனால்
எப்போதும் ஏதோ ஒரு கசடு தங்கும்.
இன்று இந்தப் பக்கம் 662. அந்தப் பக்கமும் 662.
இந்தக் குளிர்காலத்தில் முதல் சுழியம்.

அப்படியென்றால் ஆயிரத்தொன்று இதற்குள் போகும்,
கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற
அதே ஆயிரத்தொன்று:
ஏழு, பதினொன்று, பதின்மூன்று
மூன்று பேரும் ஒரே கவரில்.

கையுறையைக் கழற்றிப் பழுதுச் சீட்டின் முதுகில் வகுத்தேன்.
இன்னொரு பதினொன்று வந்தது.
இருபத்துமூன்று வந்தது.
அறுபத்தேழுக்காகக் காப்பி இயந்திரத்தடியில்
அரைமணி நேரம். அதுவும் வந்தது.
முப்பத்தோராயிரத்துச் சொச்சம் கோடி
பொரியாய் உதிர்ந்து, கையில் நின்றது
18773.

அது உதிரவில்லை.
எழுபத்தொன்றை அனுப்பினேன், எழுபத்துமூன்றை,
நூற்றிமுப்பத்தொன்று போய்
நாற்பதை வைத்துவிட்டுத் திரும்பியது.
நூற்றிமுப்பத்தேழு தன்னையே தன்னால் பெருக்கி
18769 வரை ஏறிற்று.
நாலு படி.
நாலே நாலு.
அதற்கு மேல் தேட வேண்டாம் என்பது கணக்கின் சட்டம்.
பகா எண்.

"இதனால் என்ன கிடைத்தது?" என்றான் ரேட்டோ,
கோப்பையில் விரல்களைச் சூடாக்கியபடி.
ஈவு, என்று சொல்ல வந்தேன்.
அவன் மொழியில் அதற்கு ஒரு சொல் இருக்கிறது,
அதில் கொடுத்தல் இல்லை, இரக்கமும் இல்லை.
"நாலு" என்றேன்.
தலையாட்டினான். சம்பளக் கணக்கென்று நினைத்திருப்பான்.

திரும்பிப் போனால், மூன்றாம் அச்சில்
தடைக்கட்டை இரும்புவரை தேய்ந்திருக்கிறது.
முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.
மரம் ஏற்றிய பெட்டி; கியாசோ போகக் கூடாது.
புத்தகத்தில் மிஞ்சியது அந்த ஒரே சீட்டு.
முகத்தில் பழுதை எழுதினேன், தேதி, கையொப்பம்.
முதுகை என்ன செய்ய?
கம்பிச் சட்டத்தில் செருகிவிட்டேன்,
18773 இரும்பைப் பார்த்தபடி.

வரிசையிலிருந்து கழற்றி ஓரத் தண்டவாளத்துக்குத் தள்ளினார்கள்.
கொக்கி விடுபடும்போது ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அடுத்த பெட்டி.
மீதி அறுநூற்றெட்டு.