ஐஸ் வாளி

டூமாஸ் வீதி மஞ்சள் மாளிகையில்
ஓர் இரவுக்குப் பதினெட்டாயிரம்.
மகள் கட்டிவிட்டாள், திருப்பித் தர மாட்டார்களாம்.

"முதல் தடவையா சார்?" என்றாள் வரவேற்பில் இருந்தவள்.
ஆமாம் என்றேன்.
இந்த வாசல் வழியாக
முதல் தடவைதான்.

சாவியே கால் கிலோ பித்தளை.
கட்டிலில் ஏற ஒரு முக்காலி.
மல்லாந்து படுத்து அமலோற்பவம்
உத்தரங்களை எண்ணினாள்: பதினேழு.
ஒன்றில் கரையான் என்றாள், ரகசியமாக.

சோடா கேட்டதற்கு
வெள்ளி வாளியில் ஐஸும் வந்தது.
நடுவில் ஓட்டை விழுந்த மெஷின் ஐஸ்.
கடலூர் முதுநகரிலிருந்து
சாக்கும் மரத்தூளும் சுற்றி
பத்தொன்பது வருஷம் நான் இறக்கிய பாளம்
இதைவிட மெதுவாகக் கரையும்.
சொல்லவில்லை.
பையனுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்தேன்.

நாலரைக்கு விழிப்பு, பழக்கதோஷம்.
செருப்பில்லாமல் இறங்கினேன்.
சமையற்கட்டுப் பின்வாசலில் அதே இரும்புக் கொண்டி,
அதே மூன்று படி,
நடுப்படி உடைந்தது உடைந்தபடி.
மீன்பெட்டியோடு மூச்சுவாங்கியவன் நிமிர்ந்தான்:
"சார், இந்தப் பக்கம் கெஸ்ட் வரக்கூடாது."

சரிப்பா என்றேன்.
அந்த ஒரு பெட்டிக்கு மட்டும்
மறுகை பிடித்தேன்.

மேலே வரும்போது உள்ளங்கை மரத்திருந்தது.
வாளியில் கரைந்த தண்ணீரை
வீணாக்க மனமில்லாமல்
ஜன்னல் தொட்டிச் செடிக்கு
ஊற்றிக்கொண்டிருந்தாள் அமலோற்பவம்.